அம்மாவோட சுகர், காலண்டர் தாள், கிராஃப்: எங்க வீட்டு அனுபவம் (உங்களோடதையும் எழுதுங்க)

கோவைக்காரி:

அம்மாவுக்கு சுகர் வந்து ரொம்ப வருஷம் ஆச்சுங்க. எப்ப லேப்ல பார்த்தாலும் வெறும் வயித்துல 120, 125ன்னு நல்லாத்தான் வரும், ஆனா மூணு மாச சராசரி மட்டும் 8.5லயே நிக்கும். இந்தக் கணக்கு நிறைய பேருக்குத் தெரியறதில்ல, ஹெச்பிஏ1சிங்கற அந்த மூணு மாச சராசரி 7ன்னா நாள் முழுக்க சராசரியா 154 இருந்திருக்குன்னு அர்த்தம், 8.5ன்னா 197 கிட்ட. அப்ப லேப்ல ரத்தம் எடுக்காத நேரத்துல எப்பவோ நல்லா ஏறுதுதானே, அது எப்பன்னு பார்க்கத்தான் டாக்டர் சிஜிஎம், அதாவது சுகரைத் தொடர்ந்து அளக்கற சென்சார், போடச் சொன்னார். மேல்கை பின்பக்கம் ஒட்டிவிடற சின்ன வில்லை, 14 நாள் இருக்கும், 15 நிமிஷத்துக்கு ஒருக்கா அதுவா அளந்து வச்சுக்கும், ஒரு நாளைக்கு 96 அளவு. ரத்தத்துல அளக்கறதில்ல, தோலுக்கு அடியில இருக்கற நீர்ல அளக்குது, அதனால ரத்தத்துல ஏறி கொஞ்ச நிமிஷம் கழிச்சுத்தான் இதுல தெரியும்.

வெறும் கிராஃபை வச்சு ஒண்ணும் புரியாதுங்க. மேடு தெரியுது, எதனால ஏறுச்சுன்னு தெரியாது. அம்மாவுக்கு ஆப்ல டைப் பண்ண வராது, அதனால தினசரி காலண்டர்ல கிழிக்கற தாளோட பின்பக்கம் அவங்களே பென்சில்ல எழுதுவாங்க, "7.40 ராகிக் கஞ்சி 1 டம்ளர்", "1.15 சாதம், கீரை, ரசம்", "9 மணி மொட்டை மாடி நடை"ன்னு. நான் ராத்திரி அதை ஷீட்ல ஏத்தி, சாப்பிடறதுக்கு முன்னாடி எவ்வளவு, அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள உச்சம் எவ்வளவு, ரெண்டுக்கும் வித்தியாசம் என்னன்னு மூணு கட்டம் போட்டு, வித்தியாசத்தை வச்சு பெருசுல இருந்து சின்னதா அடுக்கினேன், வேற பெரிய டெக்னிக் எதுவும் இல்ல.

மேல வந்து நின்னது ஜிலேபியோ மைசூர்பாகோ இல்ல, சுகருக்கு நல்லதுன்னு தினம் காலைல குடிச்சிட்டிருந்த ராகிக் கஞ்சி! 130ல ஆரம்பிச்சு 240 தாண்டிப் போச்சு. நைஸா அரைச்ச மாவை தண்ணியா காய்ச்சி மடமடன்னு குடிச்சா அது சீக்கிரமா ரத்தத்துல கலந்துடும், ராகிங்கற பேருக்காக உடம்பு மெதுவா ஏத்தாது. "ஏங்கண்ணு, கஞ்சிக்கே இப்படின்னா நான் எதைத்தான் குடிக்கறது"ன்னு அம்மா முகம் வாடிப்போச்சு. அப்புறம் பருப்பு அடை போட்டுப் பார்த்தோம், வித்தியாசம் கிட்டத்தட்ட பாதிதான். அதே சாதத்தையே முதல்ல கீரையும் பொரியலும் பருப்பும் சாப்பிட்டுட்டு கடைசியா எடுத்துக்கிட்டாலும், ராத்திரி சாப்பிட்டதும் மாடில கொஞ்சம் நடந்தாலும் மேடு நல்லா தணியுது. இது எங்கம்மா உடம்பு சொன்னதுங்க, உங்க வீட்ல வேற மாதிரி வரலாம், அதனாலதான் அவங்கவங்க அளந்து பார்க்கணும்னு சொல்றேன்.

அதை விட பெரிய விஷயம் ராத்திரில கிடைச்சுது. அம்மா ரொம்ப நாளா விடியக்காலை வேர்க்குது, கெட்ட கனவு வருது, எந்திரிச்சா தலை வலிக்குதுன்னு சொல்வாங்க, புழுக்கம்னு அவங்களே பேச்சை முடிச்சிடுவாங்க. கிராஃப்ல ரெண்டு மணி, மூணு மணிக்கு பள்ளம் தெரிஞ்சுது. வில்லை ஒட்டின கை மேல அழுத்திப் படுத்தாலே பொய்யா குறைச்சுக் காட்டும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார், அதனால ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு விரல்ல குத்தி குளுக்கோமீட்டர்லயும் பார்த்தேன். ஒரு நாள் கிராஃப்ல 62, விரல்ல 98, அது கை அழுத்தினது. இன்னொரு நாள் ரெண்டுலயுமே அறுபது பக்கம், நைட்டி முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு, கை நடுங்குது. உடனே சர்க்கரை மூணு நாலு ஸ்பூன் தண்ணில கலக்கிக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப குத்திப் பார்த்து, 70க்கு மேல வந்த பிறகுதான் மூச்சே வந்துச்சு. டாக்டர் அதைப் பார்த்துட்டு ராத்திரி போடற கிளிமிபிரைடுங்கற சுகர் மாத்திரையோட அளவைக் குறைச்சார். அதுக்கப்புறம் அந்த வேர்வை இல்ல, காலைல தலைவலியும் இல்ல. மாத்திரையை நீங்களா மட்டும் குறைக்காதீங்க, தயவுசெஞ்சு.

நெல்லைப் பையன்:

எங்க வீட்ல இதே மாதிரி பிபி கதை. அப்பாவுக்கு கிளினிக்ல எப்ப பார்த்தாலும் 160க்கு மேல, இன்னொரு மாத்திரை சேர்க்கலாம்னு பேச்சு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் வீட்ல எடுத்துட்டு வாங்கன்னாங்க, காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, முதல் நாள் கணக்கை விட்டுட்டு மிச்சத்துக்கு சராசரி. எடுக்குற விதம்தான் முக்கியம், காபி குடிச்சு அரை மணி நேரமாவது ஆகியிருக்கணும், அஞ்சு நிமிஷம் சாஞ்சு சும்மா உக்காரணும், கால் ரெண்டும் தரைல, கை நெஞ்சு உயரத்துக்கு மேஜை மேல, பேசவே கூடாது. எங்கப்பா பட்டை கட்டுனதும்தான் ஊர்க்கதை ஆரம்பிப்பாங்க, அதை நிறுத்துறதே பெரிய வேலை. சராசரி 129/80 வந்துச்சு. வீட்டு அளவுக்கு 135/85 தான் கோடு, அதுக்குக் கீழ இருந்ததால புது மாத்திரை வேண்டாம்னுட்டாங்க. இப்ப ஒவ்வொரு தடவை டாக்டர்ட்ட போறதுக்கு முந்தின வாரமும் எடுத்துட்டுப் போறோம்.

ஓஎம்ஆர் நைட் ஷிஃப்ட்:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், அளக்குறது எல்லாமே நல்லது செய்யும்னு இல்ல. வாட்ச்ல ஸ்லீப் ஸ்கோர் பார்க்க ஆரம்பிச்சதுல இருந்து, நல்லா தூங்கி எழுந்தாக்கூட 58ன்னு காட்டினா அன்னைக்கு முழுக்க சோர்வா இருக்குற மாதிரியே தோணும், படுத்ததும் இன்னைக்கு எவ்வளவு வருமோன்னு மனசு ஓடும். 2017லயே அமெரிக்கால தூக்க நிபுணருங்க இப்படி வர்றவங்களைப் பத்தி மருத்துவ இதழ்ல எழுதியிருக்காங்க. மணிக்கட்டுல கட்டுற வாட்ச் படுத்த நேரம், எந்திரிச்ச நேரத்தை ஓரளவு சரியா சொல்லும், ஆழ்ந்த தூக்கம் எவ்வளவுன்னு சொல்றதை அவ்வளவு நம்ப முடியாது. அதனால ஸ்கோரை மறைச்சு வச்சுட்டு, தூங்கின நேரத்தையும் கடைசி டீ எத்தனை மணிக்குன்றதையும் மட்டும் குறிக்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல டீ குடிச்ச ஷிஃப்ட்ல எல்லாம் காலைல தூக்கம் துண்டு துண்டா உடையுதுன்னு தெளிவா தெரிஞ்சுது, டீயை ஒரு மணிக்கே முடிச்சிடறேன், நிம்மதியா இருக்கு. கோவை அக்கா, டாக்டர்கிட்ட நீங்க எதைக் காட்டுவீங்க, முழு டேட்டாவுமா?

கோவைக்காரி:

முழுசும் வேண்டாம் தம்பி, அவங்களுக்கு ஏது நேரம். ஆப்லயே ஒரு பக்க ரிப்போர்ட் வரும், அதுல 70ல இருந்து 180க்குள்ள எத்தனை சதவீத நேரம் இருந்துச்சுன்னு பார்ப்பாங்க. பொதுவா 70 சதவீதம் இருக்கணும்பாங்க, அதாவது நாளைக்கு 17 மணி நேரம் கிட்ட. ரொம்ப வயசானவங்களுக்கும், சுகர் ரொம்ப இறங்கிடற பயம் இருக்கறவங்களுக்கும் பாதி நேரம் இருந்தாப் போதும், ஆனா 70க்குக் கீழ போறது ஒரு சதவீதத்துக்கும் கம்மியா இருக்கணும். அந்தப் பக்கத்தோட மேடு பள்ளம் வந்த நாளோட காலண்டர் தாளை மட்டும் பின் அடிச்சு எடுத்துட்டுப் போவோம், டாக்டர் முதல்ல அம்மா கையெழுத்தைத்தான் படிப்பார். விட்டமின் சி மாத்திரை நிறைய எடுக்கறவங்க சென்சார் போடறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லிடுங்க, சில வகைல அது இருக்கறதை விட கூடுதலா காட்ட வைக்கும்.