2021இல் நடந்த யூரோ கால்பந்து இறுதியாட்டம்: சவுத்கேட் தோற்றது பெனால்டியிலா, 55ஆம் நிமிடத்திலா?

வெள்ளைச்சட்டை ரசிகன்:

2021 ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் இங்கிலாந்து இத்தாலியிடம் தோற்றதைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும், பேச்சு ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா ஆகியோர் தவறவிட்ட பெனால்டிகளில் போய் நின்றுவிடுகிறது. 19 வயது சாக்காவிடம் ஐந்தாவது பெனால்டியை ஒப்படைத்தது சரியா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆட்டம் கைநழுவியது அங்கே அல்ல என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது நிமிடத்திலேயே ட்ரிப்பியர் வலப்பக்கத்திலிருந்து தூக்கிக் கொடுத்த பந்தை, எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவந்த ஷா கோலாக்கினார். பக்கவாட்டில் ஏறியிறங்கி ஆடும் இரு விங்பேக்குகளும் சேர்ந்து அடித்த கோல் அது. இங்கிலாந்துப் பயிற்சியாளர் சவுத்கேட் 3-4-3 அமைப்பைத் (பின்களத்தில் மூவர், நடுவில் நால்வர், முன்னே மூவர்) தேர்ந்தெடுத்தது சரிதான் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. அரை மணி நேரம் கழிந்த பிறகு பந்து மெல்ல மெல்ல இத்தாலியின் வசமானது. இடைவேளைக்குப் பின், 55ஆம் நிமிடத்தையொட்டி, இத்தாலியின் பயிற்சியாளர் மான்சினி இரண்டு மாற்றங்களைச் செய்தார். பரெல்லாவுக்குப் பதிலாகக் கிறிஸ்டாந்தேயும், இம்மோபிலேவுக்குப் பதிலாகப் பெரார்டியும் களமிறங்க, இன்சீன்யே நடுவே நகர்ந்தார். முன்வரிசையின் நடுவே நிலையாக நிற்கும் சென்டர் ஃபார்வர்ட் என்று இத்தாலிக்கு ஒருவரும் இல்லாமல் போனார். இங்கிலாந்துப் பின்களத்தின் வாக்கர், ஸ்டோன்ஸ், மெக்வயர் மூவரும் யாரைக் காப்பது என்று தெரியாமல் நிற்க, ஜோர்ஜினியோ, வெராட்டி, கீழிறங்கி வரும் இன்சீன்யே ஆகியோருக்கு நடுவே இங்கிலாந்தின் நடுக்கள வீரர்கள் ரைஸும் ஃபிலிப்ஸும் எண்ணிக்கையிலேயே தோற்றுப்போனார்கள்.

62ஆம் நிமிடத்தில் கியேசாவின் ஷாட்டை இங்கிலாந்து கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் தடுத்தார். 67ஆம் நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தைப் போனுச்சி வலைக்குள் தள்ளினார். சவுத்கேட்டின் முதல் மாற்றம் வந்ததோ அதற்குப் பிறகு, 70ஆம் நிமிடத்தில்தான். ஐந்து மாற்று வீரர்களுக்கு அனுமதி இருந்த தொடரில், தொண்ணூறு நிமிடங்களில் அவர் பயன்படுத்தியவர்கள் இருவர் மட்டுமே. தாக்குதல் வீரர் கிரீலிஷ் 99ஆம் நிமிடம் வரை வெளியே காத்திருந்தார். அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் பயிற்சியாளர் ஏன் அசையவில்லை? அவர் தரப்பில் நாம் காணத் தவறும் காரணம் ஏதேனும் உண்டா?

பின்களத்தான்:

காரணம் உண்டு, அதை எடுத்துச் சொல்ல வேண்டியது அவசியம் என்றும் நினைக்கிறேன். அதே 3-4-3 அமைப்பில்தான் இங்கிலாந்து இரண்டு வாரங்களுக்கு முன்பு ஜெர்மனியை 2-0 என்று வென்றது. டென்மார்க்கிற்கு எதிரான அரையிறுதியில் தொடக்கத்திலிருந்து ஆடிய சாக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு ட்ரிப்பியரைச் சேர்த்ததன் நோக்கம், இத்தாலியின் பக்கவாட்டுப் பின்கள வீரர்கள் முன்னேறிவிடாமல் தடுப்பதுதான். முன்னிலையில் இருக்கும்போது, கோல் தந்த அமைப்பைத் தானே கலைத்து, பிறகு அந்தப் பக்கம் வழியாக இத்தாலி கோல் அடித்திருந்தால், இன்று நாம் இதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம்.

மேலும், மாற்று வீரராக யார் இருந்தார் என்பதையும் பாருங்கள். ஃபோடன் காயத்தால் ஆட முடியவில்லை. ஹென்டர்சன் நீண்ட கால காயத்திலிருந்து திரும்பி அதிக நாள்கள் ஆகவில்லை. பெல்லிங்கமுக்கு அப்போதுதான் 18 வயது நிறைந்திருந்தது. நெருக்கடியில் பந்தை வாங்கி, திரும்பி, நிதானமாக அடுத்தவருக்குக் கொடுத்து ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கத் தெரிந்த ஒரு நடுக்கள வீரர், வெராட்டியைப் போன்ற ஒருவர், அந்த அணியில் இல்லை. எத்தனை பேரை மாற்றினாலும் இல்லாத ஆட்டக்காரரை உள்ளே அனுப்ப முடியாது. கிரீலிஷ் முன்னே பந்தை வைத்துக்கொள்வார். ஆனால் பந்து அவரிடம் போய்ச் சேர வேண்டுமே? அன்றைய சிக்கல் பந்து பின்களத்தைவிட்டு வெளியேறவே இல்லை என்பதுதான்.

கூடுதல் நேரம்:

ஒரே ஓர் ஒப்பீட்டை மட்டும் முன்வைக்கிறேன். 2018 உலகக் கோப்பை அரையிறுதி, மாஸ்கோ, அதே ஜூலை 11. குரோஷியாவுக்கு எதிராக ஐந்தாவது நிமிடத்தில் ட்ரிப்பியர் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார். பிறகு பந்து மெல்ல மோட்ரிச்சின் பக்கம் போனது. 68ஆம் நிமிடத்தில் பெரிசிச் சமன் செய்தார். சவுத்கேட்டின் முதல் மாற்றம் 74ஆம் நிமிடத்தில் வந்தது. கூடுதல் நேரத்தில் மான்சூகிச் ஆட்டத்தை முடித்துவைத்தார். மூன்று ஆண்டு இடைவெளியில், முன்னிலை, நடுக்களத்தை இழத்தல், சமநிலை, அதன் பிறகே மாற்றம் என்று வரிசைகூட மாறவில்லை. ஒருமுறை நடந்தால் அதை வீரர் பற்றாக்குறை என்று ஏற்கலாம். இரண்டாவது முறையும் அப்படியே நடந்ததைப் பயிற்சியாளரின் இயல்பாகவே என்னால் பார்க்க முடிகிறது.

பதினோரு மீட்டர்:

120ஆம் நிமிட மாற்றங்களை இவ்வளவு விரைவாகக் கடந்துபோவதை நான் ஏற்கவில்லை. பெனால்டி அடிப்பதற்கென்றே ஹென்டர்சனை எடுத்துவிட்டு ராஷ்ஃபோர்டையும், வாக்கரை எடுத்துவிட்டு சாஞ்சோவையும் இறக்கினார்கள். ஹென்டர்சன் தாமே மாற்று வீரராக வந்தவர்; தொடருக்கு முன் ருமேனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார் என்பதால், அவரை எடுத்ததன் நோக்கம் புரிகிறது. ஆனால் இறங்கிய இருவருக்கும் பந்தைக் காலில் உணரவே நேரம் கிடைக்கவில்லை. ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டது. சாஞ்சோவின் பந்தை இத்தாலிய கோல்கீப்பர் டொன்னரும்மா தடுத்தார்.

2014 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக நெதர்லாந்துப் பயிற்சியாளர் ஃபான் ஹால் கடைசி நிமிடத்தில் டிம் க்ரூலை இறக்கி வென்றதைப் பலரும் இதற்கு முன்மாதிரியாகச் சொல்வார்கள். அது பொருந்தாது. க்ரூல் கோல்கீப்பர். அவருடைய வேலை எதிராளியின் அசைவைப் படித்து அதற்குப் பதிலாகப் பாய்வது. அதற்குப் புத்துணர்வு துணை செய்யும். அடிப்பவருக்கோ கால் ஆட்டத்தின் வேகத்துக்குப் பழகியிருக்க வேண்டும், அரங்கின் இரைச்சல் காதுக்குப் பழகியிருக்க வேண்டும்.

இத்தாலியைப் பாருங்கள். அவர்களுக்காகப் பெனால்டி அடித்த ஐவரில் பெரார்டி, பெலோட்டி, பெர்னார்டெஸ்கி மூவரும் மாற்று வீரர்களே. ஆனால் மூவருமே குறைந்தது அரை மணி நேரம் அளவுக்கு ஆடியிருந்தார்கள். பெலோட்டியும் தவறவிட்டார் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஐம்பது நிமிடம் களத்தில் இருந்த சாக்காவின் பந்தும் தடுக்கப்பட்டது. ஆகவே இது ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் 105ஆம் நிமிட இடைவெளியிலாவது அவர்களை இறக்கியிருந்தால், களைத்துப்போயிருந்த இத்தாலியப் பின்களத்தை எதிர்த்து ஓட இரு வேகமான கால்களும் கிடைத்திருக்கும், அவர்களுக்கும் ஆட்டத்தோடு ஒன்றிப்போக நேரம் கிடைத்திருக்கும்.

யார் எத்தனையாவது அடிப்பது என்ற முடிவு தன்னுடையதே என்று சவுத்கேட் அன்றே பொறுப்பேற்றுக்கொண்டார். 1996இல் பழைய வெம்ப்ளி அரங்கில் ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்டவர் அவர். அந்தச் சுமை என்னவென்று அறிந்தவர். அந்த மூன்று இளைஞர்கள் மீதும் அன்றிரவு கொட்டப்பட்ட இனவெறி வசைகளை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. அதனாலேயே இந்தத் தோல்வியின் கணக்கு எழுதப்படும்போது அவர்களுடைய பெயர்கள் முதல் வரியில் வரக் கூடாது என்று நினைக்கிறேன்.

நீலச்சேவல்:

விரைவாக மாற்றுவதே தீர்வு என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வர வேண்டாம். 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா 2-0 என முன்னிலையில் இருந்தபோது, பிரான்ஸ் பயிற்சியாளர் தெஷாம் 41ஆம் நிமிடத்திலேயே ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே அழைத்து, கோலோ முவானியையும் துராமையும் இறக்கினார். இதைவிடத் துணிச்சலான முடிவை ஓர் இறுதியாட்டத்தில் காண்பது அரிது. ஆனாலும் அதன் பிறகு நெடுநேரம் பிரான்ஸால் அர்ஜென்டினாவின் கோலை நெருங்கவே முடியவில்லை. 64ஆம் நிமிடத்தில் அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் ஸ்கலோனி டி மரியாவை எடுத்ததும், 71ஆம் நிமிடத்தில் கோமானும் கமவிங்காவும் வந்ததும் சேர்ந்த பிறகே காற்று திசை மாறியது. முதல் கோலுக்கான பெனால்டியைப் பெற்றுத் தந்தவர் கோலோ முவானி. இரண்டாவது கோலுக்கு மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பறித்தவர் கோமான், எம்பாப்பேவுக்குக் கடைசிப் பாஸைக் கொடுத்தவர் துராம். மாற்று வீரர்கள் பலன் தந்தார்கள். ஆனால் எதிரணிப் பயிற்சியாளரின் ஒரு முடிவும் அதற்கு வழிவிட்டது. முடிவில் பிரான்ஸும் பெனால்டியில்தான் தோற்றது என்பதை மறந்துவிட வேண்டாம்.

வெள்ளைச்சட்டை ரசிகன்:

அனைவருக்கும் நன்றி. பின்களத்தான் அவர்களின் வாதத்தில் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பந்து வெளியேறவில்லை என்பது உண்மை. ஆனால் 70ஆம் நிமிடத்தில் ட்ரிப்பியர் போய் சாக்கா வந்து, நால்வர் பின்களத்துக்கு மாறிய பிறகு, இத்தாலியின் அழுத்தம் கண்கூடாகக் குறைந்தது. பெரும்பாலும் அதே வீரர்கள்தான், அமைப்புதான் வேறு. கூடுதல் நேரத்தில் கிரீலிஷ் பந்துடன் முன்னேறியபோது, அவரை வீழ்த்தி மஞ்சள் அட்டை வாங்கும் நிலை ஜோர்ஜினியோவுக்கே வந்தது.

‘கூடுதல் நேரம்’ என்ற பெயரில் எழுதியவர் சுட்டிய, சவுத்கேட்டின் அந்த இயல்பு பின்னாளில் சற்றே தளர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 யூரோ அரையிறுதியில், டோர்ட்மண்டில் நெதர்லாந்துக்கு எதிராக ஆட்டம் 1-1 என்றிருக்கையில், 81ஆம் நிமிடத்தில் கேனையும் ஃபோடனையும் எடுத்துவிட்டு வாட்கின்ஸையும் பாமரையும் இறக்கினார். கடைசி நிமிடங்களில் பாமர் கொடுத்த பாஸில் வாட்கின்ஸ் கோல் அடித்தார். ஸ்பெயினுக்கு எதிரான இறுதியாட்டத்திலோ 47ஆம் நிமிடத்திலேயே பின்தங்கிவிட்டபோதும், பாமர் 70ஆம் நிமிடத்தில்தான் வந்தார். வந்த மூன்றாவது நிமிடத்தில் சமன் செய்தார்.

வெம்ப்ளியில் நானாக இருந்திருந்தால், இம்மோபிலே வெளியேறிய அடுத்த நிமிடமே ட்ரிப்பியரை எடுத்துவிட்டு ஹென்டர்சனை இறக்கி, வாக்கரை வலப்பக்கப் பின்களத்துக்கு அனுப்பி, ரைஸ், ஃபிலிப்ஸ், ஹென்டர்சன் மூவரையும் நடுவில் நிறுத்தியிருப்பேன். காப்பதற்கு ஆளே இல்லாத இடத்தில் மூன்று சென்டர் பேக்குகளை வைத்திருப்பதற்கு அந்த நேரத்தில் என்ன தேவை இருந்தது என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. இத்தாலியின் பக்கவாட்டுப் பின்கள வீரர்களான டி லோரென்சோவும் எமெர்சனும் முன்னேறுவதைத் தடுக்க வேறு வழி இருந்ததா என்பதைப் பின்களத்தான் அவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.