எல்லை தாண்டும் ஓசோன்: அண்டை நாடுகளோடு ஒப்பந்தமா, முதலில் நம் புகைபோக்கியா?

லெனேசியா அக்கா:
போன வாரம் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு ஆரம்பித்துப் பாதியிலேயே சண்டையாகிவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன். தரைமட்ட ஓசோனைத் தென்னாப்பிரிக்கா மட்டும் முயன்று குறைக்க முடியாது, சாடெக் என்ற தெற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் பதினாறு நாடுகளும் சேர்ந்து ஒருவரையொருவர் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட வேண்டும் என்பது என் கட்சி. காரணம் எளிது. ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டியும் அனல்மின் நிலையமும் விடும் நைட்ரஜன் ஆக்சைடும், பெட்ரோல், பெயின்ட், காட்டுத்தீ இவற்றிலிருந்து கிளம்பும் ஆவிகளும் வெயில் பட்டு வேதிவினை நடந்து, சில மணி நேரம் கழித்து எங்கோ தள்ளிப்போய்தான் ஓசோனாகின்றன. அனல்மின் நிலையங்கள் நிறைந்த நம் எம்புமலாங்கா மாகாணத்தில் கிளம்பியது பக்கத்து நாடுகளான எஸ்வாதினியிலோ மொசாம்பிக்கிலோ போய் இறங்கலாம். மேலே இருக்கும் ஓசோன் நம்மைக் காக்கிறது, கீழே இருப்பது நுரையீரலையும் பயிரையும் கெடுக்கிறது, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மெரபேங்க் பையன்:
அக்கா, 2008-லேயே ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் சாடெக் நாடுகள் காற்று மாசு பற்றி ஓர் உடன்பாடு போட்டன. நம் தெருவில் எத்தனை பேருக்கு அது தெரியும்? யாரையும் கட்டாயப்படுத்தாத காகிதம் அது. உள்ளூரில் நடப்பதைப் பாருங்கள். நிலக்கரி மின்நிலையங்கள் நிறைந்த ஹைவெல்ட் மேட்டுநிலத்தை 2007-ல், காற்று மாசை முதலில் குறைக்க வேண்டிய முன்னுரிமைப் பகுதி என்று அறிவித்தார்கள். 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அங்குள்ள காற்று மக்களின் அரசியலமைப்பு உரிமையை மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. அப்புறம் 2025 மார்ச்சில் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் எட்டு மின்நிலையங்களுக்கு உமிழ்வு வரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள்! சொந்தச் சட்டத்தையே நடத்த முடியாதவர்கள் பதினாறு நாட்டுச் சட்டம் எழுதப் போகிறார்களாம். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான்.

தொங்காட் கரும்புக்காரர்:
தம்பி சொல்வது கேட்கச் சூடாக இருக்கிறது, ஆனால் மாசு என்றாலே கடைசியில் எங்கள் தலையில்தான் வந்து விடியும். அறுவடைக்கு முன்னால் தோகையைக் கொளுத்துகிறோம், உண்மை. கொளுத்திய அன்று சாயங்காலம் கொடியில் காயும் வேட்டியில் நூல் நூலாகக் கருஞ்சாம்பல் ஒட்டும், தட்டினால் போகாது, தேய்த்தால் இழுவிக்கொள்ளும், வீட்டுக்காரி என்னைத்தான் முறைப்பாள். ஆனால் எங்கள் கொளுத்தல் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அங்கோலாவிலும் ஜாம்பியாவிலும் மொசாம்பிக்கிலும் எரியும் புல்வெளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2000-ல் சஃபாரி என்ற பெரிய ஆய்வு நடந்தபோது, செப்டம்பரில் அந்தப் புகை ஒரே பட்டையாகத் தெற்கே ஓடி இந்துமாக்கடலில் இறங்கியதை விஞ்ஞானிகள் அளந்தார்கள், புகையாறு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் பக்கம் ஓசோன் ஏறுவதும் மழைக்கு முந்திய அந்த மாதங்களில்தான். அவர்களை விட்டுவிட்டு எங்களைத் திருத்தி என்ன ஆகப்போகிறது?

லெனேசியா அக்கா:
அண்ணே, நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் வலு. ஆனால் அந்த ஊர் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவன் புது மேய்ச்சலுக்கும் விதைப்புக்கும் கொளுத்துகிறான், கையில் டிராக்டர் இல்லை. இன்னொன்று, தென்னாப்பிரிக்கா மேல் நிற்கும் உயர் காற்றழுத்தம் காற்றைச் சுழற்றிச் சுழற்றி நாள்கணக்கில் திருப்பி அனுப்புகிறது. அவர்கள் புகை இங்கே வரும், நம் நிலக்கரிப் புகை அங்கே போகும், இரண்டும் ஒரே சுழலில் கலக்கும். தீயைக் குறை என்று ஜாம்பியாவிடம் கேட்க வேண்டுமானால், நம் நைட்ரஜன் ஆக்சைடை எவ்வளவு குறைப்போம் என்று நாமும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி 1979-ல் ஜெனீவா உடன்பாடு போட்டுவிட்டு, 1999-ல் கோத்தன்பர்க்கில் நாடு வாரியாக உமிழ்வு உச்சவரம்பை எண்ணில் எழுதிக்கொண்டார்கள். அமெரிக்காவும் கனடாவும் தங்கள் காற்று ஒப்பந்தத்தில் 2000-ல் ஓசோனுக்கென்றே தனி இணைப்பு சேர்த்தன. ஓசோனின் உச்ச அளவு அங்கே குறைந்துதானே இருக்கிறது?

மெரபேங்க் பையன்:
உச்சம் குறைந்தது, சரி. ஐரோப்பாவின் சராசரி அந்த அளவுக்கு இறங்கவில்லை, அதையும் சொல்லுங்கள். மீத்தேன் வாயு காற்றில் பத்து ஆண்டு போல நின்று உலகம் முழுக்கப் பின்னணி ஓசோனை ஏற்றுகிறது, அதை எந்தப் பிராந்திய ஒப்பந்தம் பிடிக்கும்? இதற்குள் யாராவது, மேலே இருக்கும் ஓசோனைக் கெடுத்த சிஎஃப்சி வாயுவைக் கட்டுப்படுத்திய 1987 மான்ட்ரியல் ஒப்பந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்த வாயுவைச் செய்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள். இங்கே பக்கி என்று நாம் சொல்லும் ஒவ்வொரு சிறு சரக்கு வண்டியும் ஒவ்வொரு புல்வெளியும் ஓசோனுக்கு மூலப்பொருள் தருகிறது. மெரபேங்க் பள்ளிக்கூடப் பைகளில் பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில் ஆஸ்துமா பம்ப் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்தப் பிள்ளைகளிடம் லுசாகாவைக் காட்டிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

விட்பேங்க் ராசா:
சுரங்கத்தில் இருந்தவன், இப்போது காற்று அளக்கும் வேலை. இரண்டு பக்கமும் ஒரு சங்கதியை விடுகிறீர்கள். வண்டி நெரிசலில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளில் ஒன்றான நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும். அதனால் நெடுஞ்சாலை ஓரத்தில் ஓசோன் குறைவாகவும் ஊருக்கு வெளியே வயல்காட்டில் அதிகமாகவும் காட்டும். தம்பி சொல்வதுபோல் உள்ளூரிலேயே தொடங்கி, நகரத்துக்குள் நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் கொஞ்சம் குறைத்தால், ஆவிகள் அப்படியே இருக்கும்போது, அந்த நகரத்தில் ஓசோன் முதலில் ஏறக்கூட வாய்ப்புண்டு. இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், எங்கே எதை என்று தெரிய அளவு வேண்டும். நம் நாட்டு வரம்பு எட்டு மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 120 மைக்ரோகிராம், ஆண்டுக்கு 11 முறை தாண்டலாம். உலக சுகாதார அமைப்பு சொல்வது 100. அளக்கும் கருவி புற ஊதா ஒளியைக் காற்றுக்குள் விட்டு எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும். அதற்குக் குளிரூட்டிய அறை வேண்டும், வடிகட்டியை மாற்ற ஆள் வேண்டும், கரண்ட் வேண்டும். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் கருவி அணைந்து அணைந்து எரிந்து, வரைபடம் பல் விழுந்த சீப்பாக இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் நிலையங்கள் இதைவிடக் குறைவு. எண்ணே இல்லாமல் யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பேரம் பேசுவது?

தொங்காட் கரும்புக்காரர்:
அப்போ அளந்து முடிக்கும்வரை ஹைவெல்ட் புகையட்டும் என்கிறீர்களா, ராசா?

விட்பேங்க் ராசா:
இல்லை அண்ணே. அந்த எட்டு நிலையங்களின் கணக்கு ஏற்கெனவே தெரியும், அதில் கை வைக்க இன்னொரு எண் தேவையில்லை. அங்கே தம்பி பக்கம்தான் நான். மொசாம்பிக் தலைநகர் மபுத்தோவிலும் எஸ்வாதினி தலைநகர் எம்பாபானேயிலும் நாமே செலவு செய்து அளக்கும் நிலையம் வைத்துத் தருவோம், தரவைத் திறந்து வைப்போம் என்று பிரிட்டோரியா அரசு சொன்னால்தான் அக்காவின் ஒப்பந்தத்துக்கு ஆரம்பம் இருக்கும்.

மெரபேங்க் பையன்:
செலவு யார் தலையில்? மின் கட்டணத்திலா?

லெனேசியா அக்கா:
கார்பன் வரி 2019-லிருந்து வாங்குகிறார்கள், அதிலிருந்து எடுக்கட்டும். நீ எதிர்ப்பது ஒப்பந்தத்தையா, எஸ்காமையா, அதைச் சொல் முதலில்.

மெரபேங்க் பையன்:
விலக்குக் கொடுத்த கையால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதை. அந்த விலக்கை ரத்து செய்துவிட்டு லுசாகாவுக்குப் போகட்டும், நானே விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்புகிறேன்.