வடசென்னைப் படத்துக்கு ஹீரோவ எங்க தேடணும்?

கல்மண்டபம்:
"வடசென்னைக் கதை"ன்னு அறிவிச்சாலே முதல் போஸ்டர்ல லுங்கி, கத்தி, பின்னாடி காரை பேந்த சுவர் வந்துடும். நடிக்கிற ஆளுங்க மட்டும் எங்கேர்ந்தோ வருவாங்க. 2021ல வந்த 'சார்பட்டா பரம்பரை'ய எடுத்துக்கோங்க. கபிலனா வந்த ஆர்யா கேரளாவுல திரிக்கரிப்பூர். வேம்புலி ஜான் கொக்கன் மலையாளி. மாரியம்மா துஷாரா திண்டுக்கல். 2018 'வடசென்னை'யில கிஷோர் கன்னடம், அமீர் மதுரை. ராயபுரத்துக்கும் வியாசர்பாடிக்கும் கிடைக்கிறது கூட்டத்துல நின்னு கத்துற வேலைதான். ஹீரோவ விடுங்க, அது வியாபாரம். ரெண்டாவது, மூணாவது வேஷமாச்சும் இங்க பொறந்து வளர்ந்தவங்களுக்குத் தரணும்னு சொல்றேன். இதுல என்ன தப்பு?

பழையவண்ணை பாலு:
ரேஷன் கார்டு பாத்து வேஷம் குடுக்கச் சொல்றீங்களா தலைவா? நீங்க குறை சொன்ன மதுரைக்காரர் அமீர்தான் 'வடசென்னை' ராஜன். இன்னிக்கும் நம்ம பசங்க ஸ்டேட்டஸ்ல வைக்கிறது அந்த ராஜனத்தான். 'சார்பட்டா'வுல ரங்கன் வாத்தியாரா வந்த பசுபதி கூத்துப்பட்டறை நாடகக் குழுவுல தேறின ஆளு. பெஞ்சுல உக்காந்து கழுத்த மட்டும் திருப்பறதுலயே வாத்தியார் தெரிஞ்சுடுவாரு. அத எந்தத் தெருவுல பொறந்தாலும் பழகினாத்தான் வரும்.

டப்பிங்மேசை:
ரெண்டு பேரும் பொறந்த ஊரையே புடிச்சுத் தொங்குறீங்க. முக்காவாசி படம் கெடுறது டப்பிங்ல.

ஷூட்டிங்ல பேப்பர்ல இருக்கிற பொதுத் தமிழ பேசி எடுத்துடுவாங்க. டப்பிங்ல வந்து, "கொஞ்சம் லோக்கலா பண்ணிடலாம்"பாங்க. அங்கதான் வில்லங்கம். வாயி "இருக்குது"ன்னு நாலு அசை அசைஞ்சிருக்கும், "கீது"ன்னா ரெண்டு அசைதான். மிச்ச வாயசைவுக்கு என்ன பண்றது? "கீ...து"ன்னு இழுப்பாங்க, இல்ல முன்னாடி ஒரு "தோ பாரு" ஒட்டுவாங்க. ஒவ்வொரு வரியிலும் சம்பந்தமில்லாம "தோ பாரு", "இன்னாங்கறேன்" வருதுன்னா பாதி நேரம் அது மொழி இல்ல, ஓட்டையடைப்பு.

இன்னொண்ணு உதடு. "அப்புறம்"னு பேசி எடுத்த குளோசப்ல கடைசியில "ம்"முக்கு உதடு மூடும். அது மேல "அப்பால" போட்டா "ல"வுக்கு வாய் திறந்திருக்கணும். திரையில மூடின வாயிலேர்ந்து சத்தம் வருது. பாக்குறவனுக்கு ஏன்னு சொல்லத் தெரியாது, என்னவோ ஒட்டலன்னு மட்டும் தோணும். பழி பூரா நடிகர் மேல விழும்.

வழி ஒண்ணுதான். ஷூட்டிங்குக்கு முன்னாடியே வசனத்த அந்தப் பேச்சுலயே எழுதி முடிக்கணும். ஏரியா ஆளு ஒருத்தர வச்சு ஒவ்வொரு வரியையும் பேசிப் பதிவு பண்ணி, நடிகர் காதுல ஏத்தணும். சீரியல்ல இதுக்கு நேரமே கிடையாது. ஒரு நாள்ல ஒரு எபிசோடுக்கு ஃபுட்டேஜ் தேத்தணும். கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் வசனத்தப் படிச்சு ப்ராம்ப்ட் பண்ணுவார், நடிகை கேட்டுத் திருப்பிச் சொல்லுவாங்க, பின்னாடி வேற ஒருத்தர் குரல் குடுப்பாங்க. மூணு வாய் மாறினதுக்கப்புறம் அதுல ராயபுரம் எங்க தங்கும்?

கல்மண்டபம்:
நீங்க சொன்னது பூரா என் கட்சிதான். இங்க வளர்ந்த ஆளப் போட்டா காதுல ஏத்துற வேலையே இல்ல.

டப்பிங்மேசை:
அதுலயும் பாதிதான் உண்மை. ஒரே வீட்டுல அப்பா "கீது"ன்னுவாரு, காலேஜ் போற பையன் "இருக்கு"ன்னுதான் சொல்றான். படத்துல இருபது வயசுப் பையன் வாயில "கஸ்மாலம்" வைக்கிறாங்க. அது சந்திரபாபு, லூஸ் மோகன் காலத்துச் சரக்கு. லோக்கல் நடிகரா இருந்தாலும் பேப்பர்ல இருக்கிறதத்தான பேசணும்?

ஸ்ட்ரைக்கர்15:
நாக்கு மட்டுமா? கையும் பேசணும். 'வடசென்னை' அன்பு கேரம் ஆடுறவன். கேரம் காட்சின்னா எல்லா டைரக்டரும் முகம் ஒரு ஷாட், விரல் ஒரு ஷாட், காயின் குழியில விழுறது ஒரு ஷாட்னு வெட்டிடுவாங்க. அப்படி வெட்டினா யார் வேணா சாம்பியன். விரல்லேர்ந்து குழி வரைக்கும் வெட்டாம காட்டினாத்தான் நடிகர் உழைச்சாரான்னு தெரியும்.

பழகாத கை எப்படித் தெரியும்னா, மணிக்கட்டோட சேத்து ஸ்ட்ரைக்கரத் தள்ளும். பழகின கையில மத்த விரலெல்லாம் பலகையில ஊணி நிக்கும், அடிக்கிற விரல் ஒண்ணு மட்டும் சுண்டும், மணிக்கட்டு அசையாது. ஸ்ட்ரைக்கர் எடை 15 கிராம்தான், தோள் பலம் எதுக்கு?

பவுடரும் அப்படித்தான். லைட்டுல வெள்ளையா அழகா தெரியுதுன்னு போரிக் பவுடர அள்ளிக் கொட்டினா ஸ்ட்ரைக்கர் நிக்காம சறுக்கும். கொஞ்சமா தூவி, துணியால தேச்சு எடுக்கணும். கடலோரத்துல காத்து ஈரமா இருந்தா பலகை மந்தமாயிடும், அன்னிக்கு இன்னும் கொஞ்சம் தேய்க்கணும். இதச் சொல்லிக் குடுக்க வெளியூர்லேர்ந்து ஆள் வேணாம். 2008ல உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிதான்.

பழையவண்ணை பாலு:
நல்ல பாயிண்ட். சொல்லிக் குடுக்கிறவங்க லோக்கலா இருக்கட்டும், நடிக்கிறவங்க யாரா வேணா இருக்கட்டும். ஏன்னா புதுசா ஒரு லோக்கல் ஆளுக்குப் பெரிய வேஷம்னா நாப்பது அம்பது நாள் கால்ஷீட் வேணும். அவரு ஹார்பர்லயோ கம்பெனியிலயோ வேலை பாக்குறவரு. ஷெட்யூல் முடிஞ்சதும் முடிய வெட்டிட்டு ஷிஃப்டுக்குப் போயிடுவாரு. மூணு மாசம் கழிச்சு விட்டுப்போன ஷாட் எடுக்க பேட்ச் ஒர்க்னு கூப்பிட்டா அதே தாடி இருக்காது, லீவும் இருக்காது. தயாரிப்பாளர் பயப்படுறது இதுக்குத்தான்.

2014 'மெட்ராஸ்' மாதிரி செய்யலாம். மேல கார்த்தின்னு ஒரு மார்க்கெட் முகம். சுத்தி கலையரசன், ரித்விகா, ஜானியா வந்த ஹரிகிருஷ்ணன்னு அப்ப பெருசா தெரியாத முகங்க. அந்த ஜானிய யார் மறந்தாங்க?

விசைப்படகு:
காசிமேட்டுப் பக்கமும் கொஞ்சம் வாங்கப்பா. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு நிக்கும், ஐஸ் வண்டி வராது, ஏலம் சப்புன்னு இருக்கும். பர்மிஷன் சுலபம்னு அந்த நேரத்துல ஷூட்டிங் வச்சிட்டு, ஹீரோ "ராத்திரி கடலுக்குப் போயிட்டு வந்தேன்"னு சொல்லுவாரு. பின்னாடி அத்தன லாஞ்சும் கட்டிக் கிடக்குது! காசு மிச்சம்னு ராமேஸ்வரத்துல எடுத்துட்டு காசிமேடுன்னு காட்டினாலும் மாட்டிப்பாங்க, போட்டு நம்பர்ல TN-க்கு அடுத்து 10 இருந்தா அது ராமநாதபுரம் மாவட்டம்.

எழுதறப்பவே இங்க ஒரு ஆள உக்கார வைங்க. 'வடசென்னை' வந்தப்ப படகுல எடுத்த முதலிரவுக் காட்சிக்கு மீனவர்கள் எதிர்ப்பு சொன்னாங்க. வெற்றிமாறன் வருத்தம் தெரிவிச்சு, எடுத்துடுறேன்னாரு. படகு எங்களுக்கு என்னன்னு முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருந்தா ரிலீஸுக்கு அப்புறம் கத்திரி எடுத்திருக்க வேணாம்.

கல்மண்டபம்:
கேரம் சொல்லிக் குடுக்க லோக்கல், பாஷை சொல்லிக் குடுக்க லோக்கல், படகு சொல்லிக் குடுக்க லோக்கல். போஸ்டர்ல மட்டும் லோக்கல் கூடாது. நல்லாருக்கு நைனா உங்க ஞாயம்.

பழையவண்ணை பாலு:
கூடாதுன்னு நான் எங்க சொன்னேன்? ஆடிஷன்ல ஜெயிச்சு வரட்டும்னேன்.

கல்மண்டபம்:
ஆடிஷன் சினிமாக்காரங்க இருக்கிற சாலிகிராமத்துல நடந்தா அங்க இருக்கிறவன்தான் ஜெயிப்பான். திருவொற்றியூர்லேர்ந்து வேலைய விட்டுட்டு ஒரு போட்டோவோட ரெண்டு பஸ் மாறி எத்தன தடவ போவான்? இங்க ஏதாவது ஒரு கேரம் கிளப்புல நாலு ஞாயித்துக்கிழமை வைங்க, அப்புறம் பேசுவோம்.

டப்பிங்மேசை:
இதுக்கு நானும் கை தூக்குறேன். ஞாயித்துக்கிழமைன்னா ஷிஃப்ட் பிரச்னையும் பாதி தீரும்.

கல்மண்டபம்:
அப்ப பரீட்சையும் நானே வைக்கிறேன். வர்றவரு ஹீரோவோ புதுசோ, இத ஒரே மூச்சுல, டப்பிங் இல்லாம சொல்லட்டும்: "அத்த எட்த்துனு வந்து குட்த்துட்டு, அப்பால நாஸ்டா துன்னு."

பழையவண்ணை பாலு:
சொல்ற வேஷத்துக்கு வயசு என்ன? இருபதுன்னா அந்தப் படத்துக்கு நான் வரல.