8128-க்கு அப்புறம் ஏன் நேராக 3 கோடிக்குத் தாவுகிறது?

கணக்கு_மிஸ்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு நிறைவெண் சொல்லிக்கொடுத்தேன். தன்னைத் தவிர மற்ற காரணிகளைக் கூட்டினால் அதே எண் வரவேண்டும், 6, 28, 496, 8128 என்று போர்டில் எழுதினேன். "அடுத்தது எது மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு எண்ணாகச் சோதிக்கும்படி பைத்தானில் எழுதி ஓடவிட்டேன். நாலும் சட்டென்று வந்தன, அப்புறம் ராத்திரி முழுக்க ஓடியும் ஒன்றும் இல்லை. அடுத்தது 33550336 என்கிறார்கள். நடுவில் ஏன் எதுவுமே இல்லை? அவளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

இரவுக்_கோடர்:
புரோகிராமில் தப்பில்லை, வழிதான் நீளம். அந்த நாலையும் உடைத்துப் பாருங்கள்: 2×3, 4×7, 16×31, 64×127. முதல் பாதி 2-இன் அடுக்கு, அடுத்தது அதன் இரண்டு மடங்கில் ஒன்று குறைவு, அது பகா எண்ணாகவும் இருக்கவேண்டும். அடுத்து வரும் 128×255, 256×511, 512×1023 மூன்றிலும் இரண்டாவது எண் பகா எண் இல்லை, அதனால் முயல வேண்டியது 1024×2047. ஆனால் 2047 = 23×89, உடைந்துவிடுகிறது. அதனால் 2096128-இன் காரணிகளைக் கூட்டினால் 2325392 வந்து எண்ணையே தாண்டிவிடும், அது மிகையெண். அதையும், 4095 பகா எண் இல்லாததால் 2048×4095-ஐயும் விட்டால் 4096×8191. 8191 பகா எண், பெருக்கினால் 33550336.

சரிபார்ப்பதும் சுலபம். 1, 2, 4 என்று 4096 வரை கூட்டினால் சரியாக 8191. மிச்சக் காரணிகள் 8191-இன் 1, 2, 4 … 2048 மடங்குகள், அதாவது மொத்தம் 4095 மடங்கு. இரண்டையும் சேர்த்தால் 8191×4096, அதே எண்! எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

பழைய_ஏடு:
இந்த இடைவெளி பெரிய ஆட்களையே ஏமாற்றியிருக்கிறது. கி.பி. 100 வாக்கில் கிரேக்கக் கணிதர் நிக்கோமாக்கஸ் நாலை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலக்க அளவுக்கும் ஒரு நிறைவெண், கடைசி இலக்கம் 6, 8 என மாறிமாறி வரும் என்று எழுதிவிட்டார். ஐந்தாவது எட்டு இலக்கமாக வந்து முதல் கணிப்பை உடைத்தது. ஆறாவதான 8589869056-உம் 6-இலேயே முடிவதால் இரண்டாவதும் போயிற்று. 2047 உடைகிறது என்று ரெஜியஸ் என்ற கணிதர் அச்சில் காட்டியது 1536-இல்தான்.

கணக்கு_மிஸ்:
ரொம்ப நன்றி. 8191 பகா எண் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க முடியுமா?

இரவுக்_கோடர்:
தாராளமாக. அதன் வர்க்கமூலம் 90-க்குக் கொஞ்சம் மேல், 89 வரை 24 பகா எண்கள்தான். ஆளுக்கு ஒன்று கொடுத்து வகுக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட பெண்ணுக்குக் கடைசியான 89-ஐக் கொடுங்கள், 3 மிஞ்சும்.