கேமராவா, பீட் போலீஸா? பொங்கல் திருட்டுக்குப் பிறகு ஒரு சண்டை

மொட்டைமாடி:
சென்னையில் மேடவாக்கம் பக்கம் 82 வீடுகள் உள்ள நகர் எங்களுடையது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் இரண்டு வீட்டில் பூட்டு உடைந்து கிடக்கிறது. ஒரு வீட்டில் பதினொரு சவரன். இன்னொன்றில் நகையெல்லாம் லாக்கரில் இருந்ததால் டிவியும் வெள்ளிக் குத்துவிளக்கும் மட்டும் போயிற்று. நலச்சங்கத்தில் நான் வைத்த யோசனை இதுதான்: வீட்டுக்கு 3,000 ரூபாய், மொத்தம் 2,46,000. அதில் 16 கேமரா, தெருவின் இரண்டு முனையிலும் இரும்பு கேட். இரவு 11 மணிக்குப் பூட்டினால் காலை 6 வரை யாரும் உள்ளே வர முடியாது. பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. கேமராவில் என்ன தப்பு? 2025 மார்ச் 25 காலையில் சென்னையில் வரிசையாகச் செயின் பறித்தவர்களை அன்றைக்கே விமான நிலையத்தில் பிடித்தார்களே, கேமரா இல்லாமலா?

பழைய_ஏட்டு:
சார், 31 வருஷம் காக்கி போட்டவன் சொல்கிறேன். அன்றைக்கு மாநகரப் போலீஸ் முழுக்க அந்த ஒரு வேலையைப் பார்த்தது. உங்கள் குத்துவிளக்குக்கு அப்படி இறங்க மாட்டார்கள். படத்தில் தொப்பி, முகமூடியோடு ஒருவன் வருவான், போவான். அதை உட்கார்ந்து பார்க்க ஸ்டேஷனில் ஆள் வேண்டும். அதற்குப் பதில் பீட் கேளுங்கள், அதாவது உங்கள் தெருவுக்கென்று ஒதுக்கிய போலீஸ்காரர் ராத்திரி ரோந்து வருவது. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஊருக்குப் போகும் முன் வீடு பூட்டியிருக்கும் என்று ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தீர்களா?

மொட்டைமாடி:
இல்லை.

கணக்குப்பிள்ளை:
ஸ்டேஷனில் சொல்லவில்லை. ஆனால் ரயிலில் கரும்போடு எடுத்த படத்தை நகர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குழுவில் பால்காரரிலிருந்து வீட்டுத் தரகர் வரை 190 பேர்.

மொட்டைமாடி:
நக்கல் போதும். புகார் கொடுக்கப் போனபோது நடந்ததையும் கேளுங்கள். முதலில் போன ஸ்டேஷனில் ‘உங்கள் தெரு எங்கள் எல்லையில் வராது’ என்றார்கள். அடுத்ததில் புகார் வந்தது என்பதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். எஃப்ஐஆர் போட நான்கு நாள். இவர்களை நம்பியா பீட் கேட்கச் சொல்கிறீர்கள்?

பழைய_ஏட்டு:
அது தப்புதான், மூடி மறைக்க மாட்டேன். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி எல்லைக் காரணமும் சொல்ல முடியாது. எந்த ஸ்டேஷனும் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த வரியைச் சொல்லி அங்கேயே நின்றிருக்கலாம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 2022இல் தாம்பரம், ஆவடி என்று தனித்தனி கமிஷனர் அலுவலகம் வந்தது, ஆனால் புறநகரில் வீடு பெருகும் வேகத்துக்குக் கான்ஸ்டபிள் பெருகவில்லை.

இளவட்டம்:
அப்படியானால் நாமே இறங்கலாமே. நான்கு பேர் விசில், டார்ச்சோடு ரோந்து. போலீஸுக்கு உதவிய ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் தன்னார்வலர்கள் மாதிரி.

தாமரைக்குளம்:
தம்பி, அதன் கதை தெரியுமா? 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி. பிரதீப் பிலிப் தொடங்கியபோது மக்களுக்கும் போலீஸுக்கும் பாலம் என்றுதான் சொன்னார்கள். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த பிறகு அந்தப் பெயரும் அடிபட்டது. அமைப்பு மறுத்தது, இருந்தும் ஜூலையில் அரசு தடை போட்டது. சம்பளமும் பயிற்சியும் பொறுப்பும் இல்லாதவன் கையில் லத்தி கொடுத்தால் முதலில் அடி வாங்குவது யார்? டெலிவரி பையன், கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரன், எங்கள் பெரும்பாக்கத்துப் பிள்ளைகள்.

மொட்டைமாடி:
அம்மா, பெரும்பாக்கத்தை நான் இழுக்கவில்லை. ஆனால் அந்தக் குடியிருப்பு வந்த பிறகுதான் இந்தப் பக்கம் திருட்டு என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

தாமரைக்குளம்:
இழுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இழுத்துவிட்டீர்கள். ஒன்பது வருஷமாக அங்கே மாலை வகுப்பு எடுக்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையில் இருந்த குடிசை மக்களைத் தூக்கி வந்து, பழைய வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டிய தூரத்தில் எட்டு மாடி அடுக்குகளில் வைத்தார்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா அங்கிருந்துதான் வருகிறார். காலை ஐந்தரைக்கு வருகிறவரை உங்கள் கேட் என்ன கேள்வி கேட்கும்? எந்தத் திருட்டு நடந்தாலும் என் மாணவர்களில் இரண்டு பேரைப் போலீஸார் வாசலில் நிறுத்திக் கைரேகை கேட்கிறார்கள். ஒருவனுக்கு வயது 17. 2012இல் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் என்று ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகும் இப்படித்தான், வாடகைக்கு இருப்பவர் விவரத்தை ஸ்டேஷனில் கொடு என்று உத்தரவு வந்தது. வடநாட்டுப் பையன்களுக்கு வீடு கிடைக்கவே இல்லை. வீட்டுக்காரரிடம் யாராவது விவரம் கேட்டார்களா?

கணக்குப்பிள்ளை:
கேட் விஷயத்தில் என் பங்குக்கு ஒன்று. மனைப்பிரிவு அங்கீகாரம் வாங்கும்போதே தெருவை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்தாயிற்று. அது பொதுத் தெரு. பூட்டினால் ஒரு மனுவில் கழற்றச் சொல்லுவார்கள். இரவில் ஆம்புலன்ஸ் வந்தால் சாவி யாரிடம்? 1,10,000 ரூபாய் வீண்.

மொட்டைமாடி:
சரி, கேட்டை விடுங்கள். பீட் பீட் என்கிறீர்களே, ஏட்டையா, அது நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பழைய_ஏட்டு:
நல்ல கேள்வி. எங்கள் காலத்தில் பட்டா புக் என்று ஒன்று உண்டு. தெருமுனை வீட்டிலோ கடையிலோ தொங்கும். ராத்திரி ரவுண்ட்ஸ் வருகிறவன் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்து சரிபார்ப்பார். (மூன்று ராத்திரிக் கையெழுத்தை ஒரே தடவையில் போட்டவனும் உண்டு, பெயர் வேண்டாம்.) இப்போது பல இடத்தில் அதற்குப் பதில் சுவரில் க்யூஆர் ஸ்டிக்கர். போனில் ஸ்கேன் செய்தால்தான் வந்ததாகக் கணக்கு. உங்கள் பிள்ளையார் கோயில் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், போன மாதம் எத்தனை ராத்திரி ஸ்கேன் ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் தெருவின் பீட் ஏட்டு பெயர், போன் நம்பரை வாங்கிச் சுவரில் எழுதுங்கள். அவன் முகம் டீக்கடைக்காரனுக்குத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

கணக்குப்பிள்ளை:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். கோயில் சுவரில் ஒரு மூலை மேடாக இருந்தது, சுரண்டினேன். ஸ்டிக்கர்தான். தீபாவளிக்குச் சங்கம் அடித்த பச்சை பெயின்ட்டுக்கு அடியில் இருக்கிறது. என் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன், கூலியோடு 1,800.

இளவட்டம்:
😂😂

தாமரைக்குளம்:
மூன்று மாதமாக ஸ்கேன் செய்ய முடியவில்லை என்று யாருமே வந்து கேட்கவில்லையா? பெயின்ட்டை விட அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பழைய_ஏட்டு:
...அதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா.

மொட்டைமாடி:
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் மனு கொடுக்கப் போகிறேன்: புது ஸ்டிக்கர், பீட் ஏட்டு பெயர், என் எஃப்ஐஆர் நகல். ஏட்டையா, நீங்களும் வாருங்கள். ஆனால் 16 கேமராவை விடமாட்டேன், சொல்லிவிட்டேன்.

தாமரைக்குளம்:
ஆறு போதும். அதில் எதுவும் பெரும்பாக்கம் சாலைப் பஸ் நிறுத்தத்தைப் பார்க்கக் கூடாது. ஞாயிறு நானும் வருகிறேன், அந்தப் பதினேழு வயதுக்காரன் விஷயமும் மனுவில் இருக்கட்டும்.

மொட்டைமாடி:
அதைத் தனி மனுவாக எழுதுங்களேன்.

தாமரைக்குளம்:
ஏன்?