ஆச்சி வீட்டுக் குழு: கவிதாவுக்கு ஆர்டர் வந்தாச்சு

வெள்ளிக்கிழமை

கவிதா: ஆர்டர் கையில வாங்கியாச்சு. இடைநிலை ஆசிரியர். கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளி. திங்கக்கிழமை சேரணும்

செல்வி சித்தி: ஏட்டி!!!!

செல்வி சித்தி: அழுகையா வருது

சுந்தர் மாமா: வாழ்த்துகள் மருமகளே

அப்பா: கிருஷ்ணகிரியா

அப்பா: தென்காசி, விருதுநகர் ஒண்ணும் இல்லையா

கவிதா: கவுன்சிலிங்ல என் முறை வரும்போது நம்ம பக்கம் ஒரு இடம்கூட இல்லப்பா. மிச்சம் இருந்ததெல்லாம் வட மாவட்டம்

மீனா: கவிக்கா வாழ்த்துகள். ரொம்ப சந்தோஷம்

சுந்தர் மாமா: மீனாவுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு ரெண்டே மார்க்ல போச்சு. அப்ப 82 எடுத்தா பாஸ், இவ 80. அதுலயும் ஒரு கேள்விக்கு விடையே தப்புன்னு சொல்லுதாவ

மீனா: அப்பா இங்க வேண்டாம்

அம்மா: எப்படிப் போறது அங்க

பிரபு அண்ணன்: சித்தி, நாகர்கோவில் பெங்களூரு எக்ஸ்பிரஸ்ல திருநெல்வேலில ஏறினா நேரா ஓசூர். அங்க இருந்து பஸ். நான் எலக்ட்ரானிக் சிட்டில இருந்து பைக்ல வந்து நிப்பேன். ஆனா டிக்கெட் தட்கல்தான் பாக்கணும்

வசந்தா பெரியம்மா: கவிதா, நிதானமாகப் படி. பள்ளிக்கூடத்துக்கு நேரே போய் நிற்காதே. முதலில் வட்டாரக் கல்வி அலுவலர் ஆபீஸ். நியமன ஆணை, அரசு மருத்துவர் கையெழுத்துப் போட்ட உடற்தகுதிச் சான்று, அசல் சான்றிதழ் எல்லாம் ஒரு பையில். ஜெராக்ஸ் ஐந்து செட், எல்லாவற்றிலும் உன் கையெழுத்து. போட்டோ பத்து. பணியில் சேர்ந்த அறிக்கையில் முற்பகல் என்று எழுத வேண்டும், மறந்து பிற்பகல் என்று எழுதிவிடாதே. பணிப்பதிவேட்டில் அந்த ஒரு வார்த்தை கடைசி வரை நிற்கும். அப்புறம் பணம். முதல் சம்பளம் முதல் மாதமே வரும் என்று நினைக்காதே. சம்பளம் போடும் களஞ்சியம் இணையதளத்தில் உன் பேர் ஏற வேண்டும், ஓய்வூதியக் கணக்கு எண் வர வேண்டும். வரும்போது நிலுவையோடு சேர்ந்து வரும். ஆனால் மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில் வைத்துக்கொண்டு போ.

சுந்தர் மாமா: பேசிக் எவ்வளவு

கவிதா: 20,600 மாமா

கவிதா: முதல் சம்பளம் வந்ததும் அடகுல இருக்குற சித்தி சங்கிலிதான் முதல்ல

செல்வி சித்தி: சங்கிலி பேச்ச யாரு கேட்டா இப்ப

அப்பா: நான் மீட்டுத் தாரேன்னு சொன்னது நான். அது என் கணக்கு

செல்வி சித்தி: அத்தான் நல்ல நாளுல விடுங்க

அம்மா: ஜெராக்ஸ் கடை எத்தனை மணிக்குப் பூட்டுவான்

சனிக்கிழமை

சுந்தர் மாமா: (வீடியோ) தேன்கனிக்கோட்டை ரோட்டுல யானைக் கூட்டம். அவசியம் பார்க்கவும்

அம்மா: ஐயோ

அப்பா: இத ஏன்டா இப்ப போடுத

பிரபு அண்ணன்: சித்தி பயப்படாதீங்க. காட்டு ஓரம்தான், யானை வரும். ராத்திரி அந்த ரோட்டுல வண்டில போகக் கூடாது, அவ்வளவுதான். இவ போறது பகல்ல

அம்மா: நான் ஒரு மாசம் கூட இருக்கேன்

அப்பா: அப்ப இங்க யாரு பாக்குறது ஆச்சிய

செல்வி சித்தி: ஆச்சிய நான் பாத்துக்கிடுதேன்

அப்பா: போன தடவையும் இப்படித்தான் சொன்ன

சுந்தர் மாமா: நான் வேணா கூட்டிட்டுப் போறேன்

அம்மா: பால்காய்ப்புக்கு வர முடியாதவனுக்கு ஓசூர் வர முடியுமாக்கும்

சுந்தர் மாமா: அக்கா அன்னைக்கு லோடு இறக்க வேண்டியிருந்துச்சு. எத்தன தடவ சொல்ல

பிரபு அண்ணன்: தட்கல்ல ரெண்டு இடம் காட்டுது. இன்னைக்கு ராத்திரி. ஒண்ணு கவி. இன்னொண்ணு யாருன்னு முடிவு பண்ணுங்க, பேர் கொடுக்கணும். சீக்கிரம்

அப்பா: என் பேரப் போடு

கவிதா: பெரியம்மா, எனக்கு யானை பயமில்ல. 1, 2, 3 மூணு வகுப்பும் என்கிட்டயாம். ஹெச்.எம் போன்ல சொன்னாங்க. ரெண்டே டீச்சர். பிள்ளைகள் வீட்டுல தெலுங்கு, கொஞ்சம் பேரு கன்னடம். முதல் நாள் உள்ள போனதும் என்ன செய்ய?

வசந்தா பெரியம்மா: இதைத்தான் நீ கேட்க வேண்டும் என்று நேற்றிலிருந்து காத்திருக்கிறேன். 1986ல் நான் சேர்ந்தது சங்கரன்கோவில் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர். ஒரே அறை. வருகைப் பதிவேட்டை விரித்து வரிசையாகப் பேர் வாசித்தேன். ‘சண்முகவேல்’ என்றால் பதில் இல்லை. ஆப்சென்ட் போட்டேன். பதினோரு நாள் ஆப்சென்ட் போட்டேன். பன்னிரண்டாம் நாள் அவன் அம்மா வந்து, பையன் தினமும் வாரானே, ஏன் வரவில்லை என்று சொல்லி விட்டீர்கள் என்று கேட்டாள். அவன் என் கண் முன்னால் இரண்டாவது வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தான். வீட்டிலும் தெருவிலும் அவனுக்குக் கட்டையன் என்றுதான் பேர். சண்முகவேல் என்று அவனை ஒருவரும் கூப்பிட்டதே இல்லை. அது தன் பேர் என்றே அவனுக்குத் தெரியாது. அந்தப் பதினோரு சிவப்பு மைக் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால் முதல் நாள் பேர் வாசிக்காதே. ஒவ்வொரு பிள்ளையிடமும் போய் உட்கார்ந்து, உன்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேள். பதிவேடு அப்புறம்.

மீனா: கட்டையன் அண்ணன் கதை எனக்குச் சொன்னதே இல்லையே அத்தை

வசந்தா பெரியம்மா: சொல்வதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

செல்வி சித்தி: கம்பளி எடுத்து வச்சியா. அங்க ஆடிக் காத்து குளிரா இருக்குமாம்

அம்மா: நம்ம வீட்டுல ஏது கம்பளி

வசந்தா பெரியம்மா: இன்னும் முடிக்கவில்லை. பாடம் நடத்த அவசரப்படாதே. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டக் கையேட்டில் அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக மூன்று நிலை இருக்கும். மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அரும்பில் இருக்கலாம், அதை முகத்தில் காட்டிவிடாதே. காலை உணவு நேரத்துக்கே போய்விடு. அந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில்தான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. நான் ஓய்வு பெற்றது அந்த மே மாதம். மூன்று மாதத்தில் எனக்குத் தவறிப் போனது. பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கியவள் நான், அதனால் சொல்கிறேன். சாப்பிடும் இடத்தில் பிள்ளைகள் தானாகப் பேசும். அங்கே போனை எடுக்காதே. சமையல் அக்காவிடம் முதல் நாளே பேசிப் பழகு. எந்தப் பிள்ளை எந்த வீடு என்று அவர்களுக்குத்தான் தெரியும். கை ஓங்கக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 17வது பிரிவு அதைத் தடை செய்கிறது. சட்டம் வருவதற்கு முன் நான் அடித்திருக்கிறேன். அது தப்பு.

செல்வி சித்தி: ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தய்யன் கோவிலுக்கு வந்திருவா இல்ல? பொங்கல் வைக்கணும்

அம்மா: வராம எப்படி

வசந்தா பெரியம்மா: தற்செயல் விடுப்பு வருஷத்துக்கு 12 நாள்தான். சேர்ந்த உடனே ஊருக்கு ஓடினால் பிள்ளைகள் டீச்சர் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்ளும்.

செல்வி சித்தி: சாமி விஷயம் அக்கா

கவிதா: பாக்கலாம் சித்தி

திங்கக்கிழமை

கவிதா: சேர்ந்துட்டேன். முற்பகல்

அப்பா: நான் பள்ளிக்கூட வாசல் வர போனேன். வேப்பமரம் இருக்கு. சுத்தமா இருக்கு

அம்மா: ரூம்?

அப்பா: இன்னும் ரெண்டு பாக்கணும். ஒண்ணு தண்ணி இல்ல, ஒண்ணு மாடி. இப்போதைக்கு பிரபு பிரண்டோட அக்கா வீட்டுல

அம்மா: எத்தன நாளைக்கு

அப்பா: பாப்போம்

வசந்தா பெரியம்மா: கவிதா, பிள்ளைகள்?

கவிதா: 17 பேரு பெரியம்மா. வீட்டுப் பேரு எல்லாம் கேட்டு எழுதிட்டேன். ஆனா ஒண்ணு தப்புப் பண்ணிட்டேன். ஆடு படம் காட்டி இது என்னன்னு கேட்டேன். ரெண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் டக்குனு ‘மேக’ன்னான். எனக்கு மேகம்னு கேட்டுச்சு. மேகம் மேல இருக்கும்டா, இது ஆடுன்னு சொன்னேன். அவன் ஜன்னல் வழியா வானத்தப் பாத்தான், படத்தப் பாத்தான், அப்புறம் வாயே திறக்கல. சாப்பாட்டு நேரத்துல சமையல் அக்காதான் சொன்னாங்க. தெலுங்குல மேகன்னா ஆடுதான். அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான்

பிரபு அண்ணன்: ஆமா. கன்னடத்துலயும் மேக்கெதான்

வசந்தா பெரியம்மா: அப்புறம் என்ன செய்தாய்?

கவிதா: சாப்பிட்டு வந்ததும் அதே படத்த ஒட்டி, ஒரு பக்கம் மேக, ஒரு பக்கம் ஆடுன்னு எழுதினேன். நீ சொன்னதுதான் சரி, டீச்சருக்குத்தான் தெரியலன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். அவன் சிரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு பையத் தூக்கிட்டு முன் வரிசைக்கு வந்து உக்காந்தான்

வசந்தா பெரியம்மா: போதும். நாளைக்கு அவனிடம் இன்னும் நாலு வார்த்தை கேள்.

கவிதா: அதான் நினைச்சேன். பிரபு அண்ணா, வீட்டுல புழங்குற வார்த்தை ஒரு முப்பது, தெலுங்குல, கன்னடத்துல. உன் ஆபீஸ் பிரண்ட்ஸ பேசச் சொல்லி வாய்ஸ் அனுப்பு. நாய், கோழி, அடுப்பு, தண்ணி இப்படி

பிரபு அண்ணன்: ராத்திரிக்குள்ள அனுப்புதேன்

மீனா: படம் நான் வரஞ்சு தரட்டா? அட்டையில. கடைல விக்கிறது எல்லாம் சிங்கமும் பென்குயினுமா இருக்கு

கவிதா: மீனா நெஜமாவா? ஆடு ரெண்டு விதம் வேணும், செம்மறி, வெள்ளாடு. இங்க ரெண்டும் வளக்குறாங்க

மீனா: இன்னைக்கே ஆரம்பிக்கேன்

சுந்தர் மாமா: என் கடைல அட்டை இருக்கு. நல்ல கனம். எத்தன வேணும்

மீனா: முப்பது. ரெண்டு மூணு கூட குடுங்க

வசந்தா பெரியம்மா: மீனா, பேரை எழுத்தில் பெரிதாக எழுது. பின்பக்கம் எழுதாதே, படத்துக்குக் கீழேயே எழுது. ‘ஆ’ எழுதும்போது சுழி கீழே தெளிவாக வரட்டும். அடுத்த தடவை நீ எழுதும் தேர்வுக்கும் என்னிடம் வா. உளவியல் பகுதியை நான் சொல்லித் தருகிறேன்.

மீனா: வாரேன் அத்தை

அம்மா: அட்டையும் கம்பளியும் சேத்து யாருகிட்ட கொடுத்து விட? வியாழக்கிழமை ரயிலுக்கு யாராவது போறாவளா

சுந்தர் மாமா: நம்ம கடைக்கு வாற ஒருத்தர் மகன் ஓசூர்ல இருக்கான். கேட்டுச் சொல்லுதேன்

செல்வி சித்தி: ஆடி அமாவாசை என்ன ஆச்சு

அப்பா: இன்னொரு ரூம் பாத்தேன். வாடகை 4,500 சொல்லுதாவ. ஜன்னல் சின்னது. போட்டோ போடுதேன்