ரிங்கெபூ பதிவேட்டில் 1845 ஞானஸ்நானம் கிடைக்கவில்லை: எங்கே தப்பு?

கேள்வி

வணக்கம். நார்வேயின் குட்பிரான்ஸ்டாலன் பள்ளத்தாக்கில் உள்ள ரிங்கெபூ குருசேகரத்தின் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) தேவாலயப் பதிவேட்டில் ஒருவரைத் தேடுகிறேன். முதற்பெயர் ஊலே, அப்பா பெயர் ஹான்ஸ், ஆகவே ஊலே ஹான்சென். 1869இல் கிறிஸ்தியானியா (இன்றைய ஓஸ்லோ) வழியாக அமெரிக்கா போய், அங்கே ஹாவுகன் என்று குடும்பப்பெயர் வைத்துக்கொண்டார்.

1865 குடிக்கணக்கில் அவர் ஹாவுகன் பண்ணையில் இருக்கிறார், வயது 20. அதனால் 1845 ஞானஸ்நானப் பக்கங்களில் ஹாவுகன் என்று எழுதிய வரிகளை எல்லாம் பார்த்துவிட்டேன். இரண்டு ஊலே கிடைத்தார்கள், ஆனால் இருவருக்கும் அப்பா ஹான்ஸ் இல்லை. பெயர்ப்பட்டியல் தேடலில் 'ஹாவுகன்' என்று கொடுத்தாலும் ஒன்றும் வரவில்லை. பதிவேடு முழுமையாக இல்லையா, இல்லை நான் படிப்பதில் பிழையா?

பதில் 1

பதிவேட்டில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் சொன்னதில் இரண்டு இடங்கள் உதைக்கின்றன.

முதலாவது வயது. 1865 குடிக்கணக்கில் எழுதியிருப்பது நிறைந்த வயது கிடையாது, நடக்கும் வயது. கணக்கெடுத்த நாள் டிசம்பர் 31. அன்றைக்கு '20' என்றால் 19 முடிந்து இருபதாவது நடக்கிறது. அப்படியானால் பிறந்த ஆண்டு 1846. 1865இலிருந்து 20ஐக் கழித்தால் எப்போதும் ஓராண்டு முன்னால் போய் நிற்பீர்கள். 1801 கணக்குக்கும் இதே விதிதான். 1875இல் பிறந்த ஆண்டையே கேட்டு எழுதியதால் அங்கே இந்தச் சிக்கல் வராது.

இரண்டாவது, 'ஹாவுகன்' குடும்பப்பெயர் இல்லை, முகவரி. மேடு என்று பொருள். மேடு இருந்த இடமெல்லாம் ஒரு ஹாவுகன் உண்டு. அந்தக் காலத்தில் ஆளுக்குப் பெயர் மூன்று துண்டு: சொந்தப் பெயர், அப்பா பெயர், இப்போது குடியிருக்கும் பண்ணை. வீடு மாறினால் மூன்றாவது துண்டும் மாறிவிடும். மாறாத குடும்பப்பெயரைச் சட்டம் கட்டாயமாக்கியது 1923இல்தான். 1865 தாளில் தொழில் கட்டத்தைப் பாருங்கள். அப்பாவுக்கு 'ஹூஸ்மான்' என்று போட்டிருந்தால் அவர் நிலச் சொந்தக்காரர் இல்லை; பண்ணை ஓரத்தில் குடிசையும் துண்டு நிலமும் பெற்று, அதற்கு ஈடாகப் பண்ணையில் வேலை செய்பவர். இப்படிப்பட்ட குடும்பங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறும். பிள்ளைகள் நாலு பேர் நாலு பண்ணையில் பிறந்திருப்பார்கள்.

ஆகவே ஞானஸ்நானத்தில் தொடங்காதீர்கள். முதலில் திடப்படுத்தலை (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்ததும் விசுவாசத்தை உறுதிசெய்யும் சபைச் சடங்கு) தேடுங்கள். 1736 முதல் அது எல்லோருக்கும் கட்டாயம், 14இலிருந்து 16 வயதுக்குள் நடக்கும். 1860, 1861, 1862 மூன்று ஆண்டுப் பட்டியலையும் பாருங்கள். ஆண் பிள்ளைகள் தனி, பெண் பிள்ளைகள் தனி. ஒவ்வொரு வரியிலும் பிறந்த நாள், பெற்றோர் பெயர், குடியிருக்கும் இடம், வேதபாட அறிவுக்குக் குருவானவர் கொடுத்த மதிப்பு, அம்மைப்பால் வைத்த தேதி எல்லாம் இருக்கும். பிறந்த நாள் கையில் வந்துவிட்டால் ஞானஸ்நானப் பக்கத்தைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

பதில் 2

தேடல் பற்றி மட்டும். டிஜிட்டலார்க்கிவே என்ற நார்வே ஆவணக்காப்பகத் தளத்தின் பெயர்ப்பட்டியல் ஆட்கள் படித்துத் தட்டச்சு செய்தது. எழுத்துக்கூட்டல் குருவானவர் எழுதியபடியே இருக்கும். பண்ணைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பிள்ளையின் முதற்பெயர், அப்பாவின் முதற்பெயர், குருசேகரம், ஆண்டுக்கு முன்பின் 2 என்று கொடுங்கள். பெயரின் வால் மாறுகிற இடத்தில் நட்சத்திரக் குறி போடலாம். ரிங்கெபூவின் கீழ் ஃபோவாங் கிளைச்சபையும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. 1861 திடப்படுத்தலில் இருக்கிறார்! பிறந்தது 1846 மார்ச் 14, அப்பா ஹான்ஸ் ஊல்சென். ஞானஸ்நானம் ஃபோவாங்கில், வேறொரு பண்ணையின் கீழுள்ள 'ப்ளாஸ்' (ஹூஸ்மானின் குடிசையும் துண்டு நிலமும்) ஒன்றில் குடியிருந்தபோது நடந்திருக்கிறது. இவர்தான் என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாமா? பெற்றோர் திருமணமும் கிடைத்தது: 1843, மாப்பிள்ளைக்கு வயது 30, அவர் அப்பா பெயர் ஊலே. அதற்கு முந்தைய தலைமுறையில், 1804 திருமணம் ஒன்றின் எழுத்து சுத்தமாகப் புரியவில்லை. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ லத்தீன் சுருக்கம், நடுவில் 3 மட்டும் தெரிகிறது.

பதில் 1

உறுதி என்று எழுதுமுன் மூன்று சோதனை வையுங்கள். ஒன்று, அதே பதிவேட்டில் ஊரைவிட்டுப் போனவர்கள் பட்டியலில் 1869. இரண்டு, கிறிஸ்தியானியா காவல்துறையின் புலம்பெயர்ந்தோர் பதிவு. 1867 முதல் இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம்: அதே குருசேகரத்தில் 1845–47இல் ஹான்ஸ் மகன் ஊலே வேறு யாராவது பிறந்தார்களா, அவர்கள் சிறுவயதில் இறந்தார்களா என்று அடக்கப் பக்கத்தில் பாருங்கள். ஊலேயும் ஹான்சும் அங்கே தெருவுக்கு நாலு பேர். போட்டியாளர்களை ஒவ்வொருவராக நீக்காமல் பொருத்தக் கூடாது. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் உயிரோடு இருப்பதும் உண்டு.

உங்களுக்குச் சாதகமான ஒரு குறி: மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் வைப்பது அங்கே வழக்கம். தாத்தா ஊலே, பேரன் ஊலே. துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

பதில் 3

1804 பக்கத்துக்கு வருகிறேன். அது கோதிக் கையெழுத்து. ஆங்கிலத்தில் 'ஈ' என்கிற எழுத்து அதில் 'என்' போலவே இருக்கும். 'பேடர்' என்ற பெயர் உயிரெழுத்தே இல்லாத மாதிரி தெரிவது அதனால்தான். 'யு' எழுத்தின் தலையில் சின்னப் பிறை இருக்கும். பிறை இல்லாவிட்டால் அதை 'என்' என்று படியுங்கள். பெரிய எழுத்தில் 'கே'யும் 'ஆர்'உம் ஒன்றை ஒன்று ஏமாற்றும். அகராதி வைத்துக்கொண்டு மோதுவதைவிட, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பண்ணைப் பெயர்களை அதே குருவானவரின் கையில் தேடிப்பிடித்து, அவர் எழுத்துக்கே ஒரு அட்டவணை தயாரித்துக்கொள்ளுங்கள். குருவானவர் மாறினால் அட்டவணையும் புதிது.

லத்தீன் சொற்களை மட்டும் அவர்கள் சாதாரண எழுத்தில் எழுதுவார்கள். 'தொம் 3 பி திரின்' என்று இருந்தால் திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 3ஆம் ஞாயிறு. நம் லுத்தரன் சபைப் பஞ்சாங்கம் பார்த்தவர்களுக்குப் பழகிய கணக்குதான். 1804இல் உயிர்த்தெழுதல் ஞாயிறு ஏப்ரல் 1. அதிலிருந்து 8 வாரம் தள்ளித் திரித்துவ ஞாயிறு, மே 27. இன்னும் 3 வாரம் கூட்டினால் ஜூன் 17. '3'க்குப் பக்கத்தில் 'திரின்' இல்லாமல் 'அத்வ்' இருந்தால் அது கிறிஸ்து வருகைக் காலம், டிசம்பருக்குப் போய்விடும். ஓலை வாசித்த (திருமண அறிவிப்பைக் கோயிலில் படித்த) நாளைத் திருமண நாள் என்று எடுத்துவிடாமலும் பாருங்கள்.

கேட்டவர்

'திரின்'தான். ஜூன் 17 என்று குறித்துக்கொண்டேன். 1813இல் மகன் ஹான்ஸ் பிறந்ததற்கு ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது, பிறந்த நாளா?

பதில் 3

ஞானஸ்நான நாளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கட்டம் போட்ட அச்சுப் படிவத்துக்கு உத்தரவு வந்தது 1812 டிசம்பரில். பல இடங்களில் அது புழக்கத்துக்கு வர ஓரிரு ஆண்டு பிடித்தது. அதற்கு முந்தைய பத்திகளில் பிறந்த நாளை அரிதாகத்தான் எழுதுவார்கள். அந்த வரியில் ஞானப்பெற்றோர் பெயர்களை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், பண்ணைப் பெயரோடு. பெரும்பாலும் அப்பா அம்மாவின் கூடப்பிறந்தவர்கள்தான் நிற்பார்கள். மூன்று பிள்ளைகளின் ஞானப்பெற்றோரை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தாத்தா ஊலே எந்தப் பண்ணையிலிருந்து வந்தார் என்பது தெரிந்துவிடும். பக்கம் கறை பட்டிருந்தால், க்லொக்கர் என்ற கோயிற்பிள்ளை எழுதிய இரண்டாம் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். அதையும் 1812 உத்தரவுதான் கட்டாயமாக்கியது. அதனால் 1804க்கு அது பெரும்பாலும் உதவாது.

பதில் 1

அந்தப் பண்ணை தெரிந்ததும் 1801 பிப்ரவரி 1 குடிக்கணக்கில் அதைத் திறங்கள். மணமானது 1804இல் என்பதால் தாத்தா ஊலே அங்கே மணமாகாத மகனாகப் பெற்றோர் பெயருக்குக் கீழே இருக்கலாம். வேறு பண்ணையில் வேலையாளாகவும் இருக்கலாம். வயதில் ஒன்று கழிக்க மறக்காதீர்கள். அவருடைய அப்பா நிலச் சொந்தக்காரராக இருந்தால் இறப்புக்குப் பின் சொத்துப் பிரிவினைப் பதிவு தேடுங்கள். பிள்ளைகள் எல்லாரையும் வயதோடும், மகள்களைக் கணவர் பெயரோடும் எழுதியிருப்பார்கள். 1854 சட்டத்துக்கு முன் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. பெயர் மங்கியிருந்தால்கூடப் பங்குத் தொகையைப் பார்த்து மகனா மகளா என்று சொல்லிவிடலாம். கிடைக்கும் ஒவ்வொரு வரிக்கும் பதிவேட்டின் ஆண்டு வரம்பு, பக்க எண், வரிசை எண், படத்தின் நிரந்தர இணைப்பு நான்கையும் அப்போதே குறித்து வையுங்கள்.